சிட்டுவுக்குப் போட்ட மூன்று ஊசிகள்

எனக்கு இருபத்தொன்பது வயது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற வேலையில் ஏழு வருடம் இருந்துவிட்டு நின்றுவிட்டேன். காரணம் ஓர் எருமை. குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், என் இடது கை முழங்கைக்கு மேலே வரை அதன் உள்ளே இருக்கும்போது அது உட்கார்ந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை, பாவம், நின்று நின்று அலுத்துப்போயிருக்கும். அது உட்கார, கூடவே நானும் உட்கார, தோளில் ஏதோ நார் கிழிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. இப்போது அதே பால் சங்கத்தில் பால் ஊற்ற வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிறேன். எல்லோரும் என்னை 'பென்சன்காரம்மா' என்று கூப்பிடுகிறார்கள். பென்சன்தான் கிடையாது.

போன மாதம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். பாலினம் பிரித்த உறைவிந்தை இனி நிறைய வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நோட்டீஸில்தான் அந்தப் பெயர். சங்கத்தில் 'செக்ஸ்டு ஸ்ட்ரா' என்போம். மாட்டுக்காரர்கள் முன்னால் அதைச் சொன்னால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள் என்று வெளியே 'பொட்டக் கன்னு ஊசி' என்று ஆகிவிட்டது. போட்டால் பத்துக்கு ஒன்பது பெண் கன்றுதான் பிறக்கும்.

"அக்கா, அந்த ஊசி உங்க கையில நல்லா தங்குமாமே. மேடம் சொன்னாங்க. இன்னா ட்ரிக்குன்னு கேட்டுகினு வரச் சொன்னாங்க" என்றாள் ஒருத்தி.

டீ போட்டுக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். கிளம்பும்போது இன்னொருத்தி, "உங்க வூட்டுக்காரரு போனதாலதான் வேலைய விட்டீங்களாக்கா?" என்றாள். பக்கத்திலிருந்தவள் அவள் இடுப்பில் கிள்ளியதை நான் பார்த்துவிட்டேன். "இல்லம்மா, எருமை" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போன பிறகு மனசு சரியில்லை. தங்கினதை எல்லாம் சொன்னேன். என் கையாலேயே போன ஒன்றைச் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தவளை என் அக்காதான் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மூன்று மாதம். கறிக்கடையிலிருந்து மாட்டின் கருப்பையைப் பக்கெட்டில் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். துணியால் கண்ணைக் கட்டிவிட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்வார்கள். ஆசனவாய் வழியாக உள்ளே கை போனால் கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கைதான் பார்க்க வேண்டும் என்பதற்காக. முதல் வாரம் வாந்தி எடுத்தேன். இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ மறந்துபோகிற அளவுக்குப் பழகிவிட்டது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் கல்யாணம். முரளி ஏசி மெக்கானிக். கல்யாணமான புதிதில் ஒரு வாய் சோறு ஊட்டப் போனேன். "இந்தக் கை இன்னிக்கு எந்த ஊருக்குப் போய்ட்டு வந்துச்சு?" என்று கேட்டான். மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் என்று நான் வரிசையாகச் சொல்ல, வாயை மூடிக்கொண்டு ஓடினான். அப்படி ஒரு ஆள்.

எங்கள் டாக்டர் சுகந்தி மேடத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மனிதர்களை வா, போ என்பார். மாட்டை வாங்க, போங்க என்பார். "கொஞ்சம் நகருங்கம்மா. தேவி, வாலைப் பிடி" என்று ஒரே மூச்சில் இரண்டும் வரும். திட்டவே மாட்டார். நாம் ஏதாவது சொன்னால், "உன் அபிப்பிராயம் அப்புறம். கை என்ன பார்த்துச்சு, அதைச் சொல்லு" என்பார். இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம்.

பொட்டைக் கன்று ஊசி முதல்முதலாக வந்தபோது அதை எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வெறும் தண்ணீரை வைத்துப் பழக்கினார். சாதாரண ஸ்ட்ராவில், அதாவது விந்து அடைத்த அந்த மெல்லிய குழாயில், இருக்கிற உயிரணுவில் பத்தில் ஒரு பங்குதான் இதில் இருக்கும். ஆண், பெண் என்று பிரிக்கும்போதே அது பாதி களைத்திருக்கும். அதனால் நம் பக்கம் ஒரு தப்பும் நடக்கக் கூடாது. உறைவிந்து வைத்திருக்கும் நைட்ரஜன் கேனிலிருந்து கூடையைக் கேனின் கழுத்துக்கு மேல் தூக்கக் கூடாது. இடுக்கியால் ஸ்ட்ராவை எடுத்து ஒரு உதறு உதறி, முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் போட வேண்டும். 'கை பொறுக்கிற சூடு' என்ற பேச்சே கூடாது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். முப்பது விநாடி கழித்து எடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் டிஷ்யூவில் துடைக்க வேண்டும். அந்த ஒரு சொட்டு உள்ளே போனால் எல்லாம் செத்துவிடும். குளிர்காலக் காலையில் 'கன்' என்கிற அந்த நீளமான எஃகுக் குழலைக் காகிதத்தில் தேய்த்துச் சூடாக்கி, ஸ்ட்ராவை ஏற்றி, முனையை நேராக வெட்டி, உறை மாட்டி, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு மாட்டிடம் போக வேண்டும். நான் சுடிதார். அதனால் துப்பட்டாவைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் யாருக்கும் பழகினால் வந்துவிடும். கஷ்டம் நேரம்தான். மாடு காலையில் பருவத்துக்கு வந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் வந்தால் மறுநாள் காலை ஊசி, இதுதான் சாதாரண ஸ்ட்ராவுக்கு. இதற்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். முட்டை வெளியே வருகிற சமயத்தை ஒட்டிப் போட்டால்தான் அந்தக் களைத்ததுகள் போய்ச் சேரும். ஆனால் எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பித்தது என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். லேட்டாகக் கூப்பிட்டால் நாங்கள் திட்டுவோம் என்று, "இப்பதான் கண்ணு, அர மணி நேரம் இருக்கும்" என்பார்கள். பார்த்தால் நேற்றே கத்தியிருக்கும். சில பேர் சீக்கிரம் வரட்டும் என்று முன்னால் தள்ளிச் சொல்வார்கள். சுகந்தி மேடம் சொன்னார்: "மணி கேட்காத. அது கத்தினப்போ வேற என்ன நடந்துட்டிருந்ததுன்னு கேளு." அதில் யாரும் பொய் சொல்ல முடியாது. "பயிற்சி பிளேனு சுத்திகினு இருந்துச்சு", "குப்ப வண்டி பாட்டு போட்டுகினு வந்தான்", "ஏழு மணி சீரியல் விளம்பரத்துல." அதை வைத்து நான் மணியைக் கண்டுபிடித்துக்கொள்வேன். ட்ரிக் என்றால் இவ்வளவுதான்.

இனி சிட்டு.

மாடம்பாக்கத்தைத் தாண்டி, மூன்று பக்கமும் அபார்ட்மெண்ட் எழும்பிவிட்ட ஒரு தெருவில் எஸ்தர் அக்கா வீடு. ஐம்பது வயசு. புருஷன் வாட்ச்மேன் வேலைக்குப் போவார். இரண்டு கறவை மாடு, ஒரு கிடேரி. அந்தக் கிடேரிதான் சிட்டு, செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. கறவை இரண்டுக்கும் வயதாகிவிட்டது. சிட்டு ஒரு பெண் கன்று போட்டால்தான் அடுத்த எட்டு, பத்து வருடத்துக்கு அந்த வீட்டில் மாடு இருக்கும். வெளியே வாங்கிக் கட்ட அவர்களுக்கு வசதி இல்லை. ஆண் கன்று வந்தால் அதை வைத்துக்கொள்ள இடமும் இல்லை.

"காளக்கன்னு பொறந்தா எங்க கட்டுவேன், பிளாட்டுகாரன் மொட்டமாடியிலயா? கன்னுன்னா ஒண்ணுக்குப் போவும், கத்தும். ஏற்கெனவே பால் வாங்கிகினே சாணி நாறுதுன்னு கம்ப்ளைண்டு எழுதுறான்" என்பார்.

சிட்டுவின் முதல் பருவத்துக்கே போய்ப் பொட்டைக் கன்று ஊசி போட்டேன். எல்லாம் சரியாக அமைந்தது. பருவத்தில் பின்பக்கம் வழிகிற வழும்பு கண்ணாடி நூல் மாதிரி அறுபடாமல் தொங்கியது. கருப்பை வாய் திறந்திருந்தது. "தங்கிடும்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள் முரளி போய்விட்டான். சேலையூரில் மூன்றாவது மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்ற ஜன்னல் சிலாப்பில் இறங்கியிருக்கிறான். கயிறு கட்டவில்லை. அதற்குமேல் அதை எழுத வரவில்லை.

ரெண்டு மாதம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா வந்து இருந்தாள். அவனுடைய டூல் பையைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். யாராவது நகர்த்தினால் சண்டை போட்டேன். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. என் ஏரியாவை சங்கத்திலிருந்து வேறொரு பையன் பார்த்துக்கொண்டான். ஆனால் ஊசி போட்ட மாடுகளுக்கு அறுபதாம் நாள் சினை இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும், அது நிறைய வீட்டில் நின்றுபோனது. சிட்டுவுக்கும்தான்.

ஒரு நாள் காலையில் எஸ்தர் அக்கா போன் பண்ணினார்.

"தேவி, சிட்டு கத்துது கண்ணு. பக்கத்து மாட்டு மேல ஏறுது. நீ வந்து பாரு."

"அக்கா, அந்தத் தம்பிக்குப் போன் பண்ணுங்க. நான் வேலைக்குப் போறதில்ல."

"அவன் கைய நான் நம்ப மாட்டேன். நீதான் வரணும். வந்து ஒரு கை பாத்துட்டுப் போ."

அம்மா பக்கத்தில் நின்று போ, போ என்று கையாட்டினாள். சங்கத்தில் போய் கேனை வாங்கிக்கொண்டு போனேன். வண்டி ஓட்டினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. வழியில் என்ன பார்த்தேன் என்று எதுவும் ஞாபகம் இல்லை.

இதற்கடுத்து நடந்ததைப் புதுப் பெண்கள் நன்றாகப் படிக்க வேண்டும்.

சினையாக இருக்கிற மாடும் சில சமயம் பருவம் காட்டும். பயிற்சியில் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிக் காட்டுகிற மாட்டுக்குள் கன்னை விட்டால் கருப்பை வாயில் இருக்கும் அடைப்பு உடைந்து கரு போய்விடும். அதனால் கன்னில் ஸ்ட்ரா ஏற்றுவதற்கு முன்னால் முதலில் வெறும் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

கையை விட்டேன். வழும்பு நூல் மாதிரி இல்லை, கோந்து மாதிரி கெட்டியாக இருந்தது. கருப்பை வாய் இறுக மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் கையை நகர்த்தியிருந்தால் வலது பக்கக் கொம்பு பெருத்திருப்பது தெரிந்திருக்கும். நகர்த்தவில்லை. கை பார்த்தது, நான்தான் நம்பவில்லை. ரெண்டு மாதமாக வேலை செய்யாத கை, மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு சாக்கு. உண்மை வேறு. அந்த நாட்களில் நான் ஆரம்பித்து வைத்த எதுவும் நிலைக்காது என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். சிட்டுவுக்கு ஊசி போட்டது முரளி உயிரோடு இருந்தபோது. அவனே தங்கவில்லை, அது எங்கே தங்கியிருக்கும் என்றுதான் ஓடியது. பருவம் தப்பி வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

எஸ்தர் அக்கா மாட்டின் தலைப் பக்கம் நின்றிருந்தார். "இன்னா கண்ணு?" என்றார்.

"தங்கலக்கா. மறுபடியும் போடணும்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீரைச் சூடு பார்த்தேன், ஸ்ட்ராவை எடுத்தேன், துடைத்தேன், வெட்டினேன். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்தேன். கன் கருப்பை வாய்க்குள் போக மறுத்தது. நான் அழுத்தினேன். சிட்டு முதுகை வளைத்தது. கன் உள்ளே போய்விட்டது.

ஒன்பதாம் நாள் எஸ்தர் அக்கா சங்கத்துக்கே போன் செய்தார். சுகந்தி மேடத்தோடு போனேன். கலைந்து விழுந்ததை எஸ்தர் அக்கா தொழுவத்தின் மூலையில் சாக்கு விரித்து அதன்மேல் வைத்திருந்தார். என் விரல் நீளம்தான் இருக்கும். மேலே ஒரு மெல்லிசுத் தோல். குளம்பு வருகிற இடத்தில் வெள்ளையாகச் சின்னதாக ஏதோ தெரிந்தது.

மேடம் உட்கார்ந்து அதைப் புரட்டி, வாலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பொட்டையா மேடம்?" என்று கேட்டேன். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் சுற்றினார். ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் 'பெ' என்று எழுதியதைப் பார்த்துவிட்டேன்.

சிட்டுவுக்கு மருந்து வைத்துவிட்டு, ஜீப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன்பது நாள் முன்னாடி கை என்ன பார்த்துச்சு?"

வழும்பு, கருப்பை வாய், அழுத்தினது எல்லாம் சொன்னேன். மனசுக்குள் ஓடினதையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உன்னை அனுப்பினது நான்தான். கேன் கேட்டு வந்தப்போ நீ நின்ன நிலைமைய பார்த்தேன். வீட்டுக்குப் போன்னு சொல்லியிருக்கணும். வேலை செஞ்சா சரியாயிடுவன்னு நினைச்சேன்" என்றார். கையுறையைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "கரு கலையறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. இதுதான்னு நிரூபிக்க முடியாது. ஆனா உனக்கும் எனக்கும் தெரியும். அவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா அவங்க மாட்டு மேல சந்தேகப்படுவாங்க. கரு தங்காத மாடுன்னு வித்துடுவாங்க. முதல் ஈத்துக்கு முன்னாடியே கலைஞ்ச மாட்டை வளர்க்க யார் வாங்குவா? கறிக்குத்தான் போகும்."

எனக்கு அதுவரைக்கும் அது தோன்றவே இல்லை. என் கையைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாயை மூடிக்கொண்டால் சிட்டு கறிக்கடைக்குப் போகும். போய்ச் சேர்ந்தது ஒன்று, அடுத்தது சிட்டு.

மேடத்தை அனுப்பிவிட்டுத் திரும்பப் போனேன். எஸ்தர் அக்கா தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் துடைப்பத்தை வாங்கிக் கழுவ ஆரம்பித்தேன். அவரும் கொடுத்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"அக்கா, அது மாட்டுக் கோளாறு இல்ல. அன்னிக்கே அது சினையாத்தான் இருந்துச்சு. என் கைக்குத் தெரிஞ்சுது. நான் கேக்கல. நான்தான் கன்ன விட்டுக் கலைச்சுட்டேன்."

கழுவிக்கொண்டேதான் சொன்னேன், நிமிரவில்லை. திட்டுவார், இல்லை அடிப்பார் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அது சினைன்னு எனக்கும் தெரியும்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முப்பது வருசமா மாடு வளக்குறேன், தெரியாதா? வவுறு தெரியல, ஆனா மயிரு மினுக்கு வந்துருச்சு, தீனியில ஒரு மாரி ஆச. அன்னிக்கு ஒரு வாட்டி ஏறுச்சு, அது நெசம். அத்தோட வுட்டுருச்சு. சினை மாடு அப்பிடி வெளாடும், நான் பாத்திருக்கேன்."

"அப்புறம் எதுக்குக்கா கூப்ட்டீங்க?"

"உங்க அம்மாவ மார்க்கெட்டுல பாத்தேன். சோறே எறங்கல, செவுத்தயே பாத்துகினு குந்திகினு கீதுன்னு அழுதாங்க. இத சாக்கா வெச்சு உன்ன வெளிய இஸ்துட்டா, நீ கைய வெச்சுப் பாத்து, 'அக்கா, சினை தங்கிருச்சு'ன்னு நீயே சொல்லுவ, கொஞ்சமாச்சும் உன் மொகம் மாறும்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ தங்கலன்னு சொன்னப்ப எனக்கு ஒரு நிமிசம் திக்குன்னு ஆச்சு. வாயத் தொறந்தேன். அப்புறம், படிச்ச பொண்ணு, கைய வுட்டுப் பாத்தவ, அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு மூடிகினேன்."

"நான் பத்தாவதுக்கா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நான் அதுவும் இல்ல" என்றார்.

ரெண்டு பேரும் ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் தப்பு பெரிது என்று அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நல்லது நினைத்துச் சொன்ன பொய், துக்கத்தில் நம்பாமல் போன கை, நடுவில் ஒரு விரல் நீளக் கன்று. நான் யாரைத் திட்டுவது?

கிளம்பும்போது, "அது மறுபடி பருவத்துக்கு வந்தா நீதான் வரணும்" என்றார்.

"மேடமே வருவாங்கக்கா. நான் அத தொட மாட்டேன்."

"நீ தொடலன்னா நான் எவனையும் தொட வுட மாட்டேன். வித்துடுறேன். உன் இஷ்டம்." மிரட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று தெரியாத ஒரு குரல்.

சிட்டுவுக்குக் கருப்பை ஆறுவதற்கு ரெண்டு மாதம் ஓய்வு கொடுத்தோம். மேடம் வந்து பார்த்துவிட்டு, இனி சாதாரண ஸ்ட்ராவே போடலாம், பொட்டைக் கன்று ஊசியில் உயிரணு கம்மி, கலைந்த மாட்டுக்குத் தங்குவது கஷ்டம் என்றார். எஸ்தர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பொட்டையா வந்து போச்சு. பொட்டையாத்தான் வரணும் டாக்டரம்மா."

"தங்கலேன்னா இன்னும் ஒரு மாசம் போகும்மா."

"போவட்டும். அதுக்கு ஒரு வாட்டி குடுங்க."

மேடம் கருப்பையை நன்றாகச் சோதித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் மணி கேட்கவில்லை. "அக்கா, கத்த ஆரமிச்சப்ப இன்னா நடந்துகினு இருந்துச்சு?"

"சர்ச்சு மைக்குல ரெண்டாவது பாட்டு. நான் கோயிலுக்குக் கெளம்பி வாசப்படி தாண்டுறேன், கத்துது. கோயிலுக்கே போவல." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வாட்டி நெசமாத்தான்டி" என்றார்.

ரெண்டாவது பாட்டு என்றால் எட்டரை. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன், போடவில்லை. எஸ்தர் அக்கா வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் விடிந்து பால் கறந்து முடித்ததும் போனேன். வெறும் கையை விட்டு, நிறுத்தி, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். வழும்பு கண்ணாடி. வாய் திறந்திருக்கிறது. வலது கொம்பு சின்னது, இடது கொம்பு சின்னது. உள்ளே ஒன்றும் இல்லை. எஸ்தர் அக்கா ஒவ்வொன்றுக்கும் "உம்" என்றார். அதற்குப் பிறகுதான் ஸ்ட்ராவை எடுத்தேன். கன் தடையில்லாமல் போனது. கடைசித் துளி இறங்கும்வரை மெதுவாக அழுத்தினேன்.

இருபத்தோராம் நாள் சிட்டு கத்தவில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாற்பத்திரண்டாம் நாளும் கத்தவில்லை. எஸ்தர் அக்கா போன் பண்ணவே இல்லை. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் சிட்டு அந்த வீட்டில் இருக்காது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். மடிப்பாக்கத்திலிருந்து ஒரு புரோக்கர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

எழுபதாம் நாள் காலையில் போனேன். எஸ்தர் அக்கா சிட்டுவின் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வா என்றுகூடச் சொல்லவில்லை. நீளக் கையுறை மாட்டி, சோப்பு போட்டு, கையை விட்டேன். சாணியை எடுத்து வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனேன். கருப்பை வாய் மூடியிருந்தது. அதோடு நிறுத்தவில்லை. முன்னால் போனேன். இடது கொம்பு ஒல்லியாக விரலுக்குள் வந்தது. வலது கொம்பு வரவில்லை. அது பெருத்து, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி கனமாக, கைக்கு அடங்காமல் நழுவியது. சுவரை ரெண்டு விரலால் லேசாகப் பிடித்து விட்டேன். உள்ளேயிருந்த சவ்வு, பாவாடை நாடா மடிப்புக்குள் நழுவுகிற மாதிரி, விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. அது ஒன்றுதான் சந்தேகமே இல்லாத அடையாளம். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பிடித்தேன். இன்னொரு தடவை வழுக்கியது.

"இன்னாடி? எதனா சொல்லு" என்றார் எஸ்தர் அக்கா.

"இருக்குக்கா" என்றேன்.

கன்னத்தைச் சிட்டுவின் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அழுகை வயிற்றிலிருந்து வந்தது. முரளிக்கா, அந்த விரல் நீளக் கன்றுக்கா, இதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாடு காலை மாற்றி மாற்றி வைத்தது.

எஸ்தர் அக்கா கயிற்றை விடாமல், தானும் அழுதுகொண்டே சொன்னார்: "மொதல்ல கைய வெளிய எடு. அப்பால எவ்ளோ வேணா அழு. அது பயப்புடுது பாரு."